வெள்ளிக்கிழமை ஊசி

“ரெண்டு தையல் போட்டால்தான் குற்றம் தொடங்குதாம், ஞானம்! ஆர் இருந்து எண்ணுறது?”

இரவிச்சந்திரன் சோபாவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அடுத்தவர் நம்பிக்கையில் ஒரு பிழையாவது கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

எதிர்வீட்டு றெபேக்கா யூதப் பெண். வெள்ளி பொழுதுபட்டால் சனி இருட்டும்வரை அவளுக்கு ஓய்வுநாள். அடுப்பு மூட்ட மாட்டாள், லிஃப்டில் ஏற மாட்டாள், ஊசி நூலைத் தொட மாட்டாள். போன சனிக்கிழமை படிக்கட்டில் அவளை நிறுத்தி இவர் நடத்திய விசாரணையின் பலன்தான் இந்தச் சிரிப்பு.

“பட்டன் போடலாமாம். சிப் இழுக்கலாமாம். சட்டைப்பின் குத்தலாமாம், பிறகு கழட்டுறதுதானே எண்டு. முடிச்சுப் போட்டால் அது நிரந்தர முடிச்சோ தற்காலிக முடிச்சோ எண்டு ஆராய்ச்சி! படிச்ச சனம் இப்பிடி இருக்கலாமே?”

“சும்மா இருங்கோப்பா. அந்தப் பிள்ளை நீங்கள் கேட்டதுக்கெல்லாம் ஆறுதலா நிண்டு பதில் சொன்னது.”

ஞானாம்பிகை சாமியறையில் விளக்கேற்றிவிட்டு வந்தாள். மணி ஆறு. மொன்றியலில் செப்டம்பர் கடைசிச் சூரியன் இன்னும் மறையவில்லை. ஆனால் அவளுடைய விளக்கு யாழ்ப்பாணத்து வழக்கப்படி ஆறு மணிக்கே எரியும்.

கதவு தட்டப்பட்டது. றெபேக்கா! கையில் ஆண்கள் போடும் கறுப்புக் கோட்டு. ஆங்கிலத்தில் படபடத்தாள்.

“ஒரு ஊசி தருவீர்களா? என்னுடையது இப்போதுதான் முறிந்தது. நாளைக்கு ஜெபக்கூடத்தில் என் கணவர் முன்னின்று பாடுகிறார். அவர்களுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். கோட்டில் முதுகுத் தையல் விட்டுவிட்டது. பொழுது பட்டால் என்னால் தைக்க முடியாது.”

“சட்டைப்பின் குத்தலாமே?” இரவிச்சந்திரன் விடவில்லை.

“குத்தலாம். ஆனால் அவர் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாட வேண்டும்.”

ஞானாம்பிகை தையல் பெட்டியைத் திறந்தாள். இரவிச்சந்திரன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

“என்ன வேலை பாக்கிறாய்? வெள்ளிக்கிழமை! விளக்கும் வைச்சாச்சு! ஊசி குடுக்கிறதே? வீட்டிலை இருக்கிற சீதேவியும் அதோடை போயிடுவா!”

“படிச்ச சனம் இப்பிடி இருக்கலாமோ எண்டு இப்பத்தானே கேட்டனீங்கள்?”

“அது அவையின்ரை சட்டம். இது எங்கடை.”

றெபேக்காவுக்குத் தமிழ் விளங்கவில்லை. பிடித்த கை விளங்கியது.

“ஏதாவது பிழையா?”

வேறு வழியில்லை. விளக்கு வைத்த பிறகு வீட்டைவிட்டு ஊசி வெளியே போகக் கூடாது, போனால் செல்வமும் போய்விடும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே காது சுட்டது. இனி இவள் சிரிக்கப் போகிறாள், படிக்கட்டில் நிறுத்தி விசாரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தார்.

அவள் சிரிக்கவில்லை. சாமியறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ, ஏற்றிவிட்டீர்களா? எனக்குத் தெரியாது. நான் முன்னமே வந்திருக்க வேண்டும். எனக்காக நீங்கள் அதை மீறக் கூடாது. கீழே யாரிடமாவது கேட்கிறேன்.”

கோட்டை மடித்துக்கொண்டு திரும்பினாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

“நில்லுங்கோ பிள்ளை!”

பதற்றத்தில் தமிழிலேயே கத்திவிட்டு, இரவிச்சந்திரன் மனைவியிடம் திரும்பினார்.

“ஞானம், ஊசிதானே வாசலைத் தாண்டக் கூடாது? கோட்டு தாண்டினால் ஆர் கேக்கிறது? ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வா, நூலை நான் கோக்கிறன்!”