நூற்றைம்பது வீதம் காணும்

கணினிக்கு முன்னால், வீட்டிலேயே கணினி திருத்திக் கொடுக்கும் கேதீஸ்வரன். பக்கத்துப் பிளாஸ்டிக் கதிரையில் அளவெட்டி நாதஸ்வரக்காரர் சுபாஸ்கரன். வாசலோரம் கேதீஸ்வரனின் மனைவி உதயகலா.

சுபாஸ்கரனின் புதுக் கணினித் திரை மிக நுணுக்கமானது. யாரோ பிரதி பண்ணிக் கொடுத்த பழைய இசைப்பதிவு மென்பொருள் அதில் தபால்முத்திரை அளவில் திறந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கோயில் பாட்டைப் பதிந்து கொடுக்கவேண்டும்; ஒரு பொத்தானும் தெரியவில்லை.

கேதீஸ்வரன் சாளரத்தை நூற்றைம்பது வீதம் பெரிதாக்கினார். பொத்தான்கள் தெரிந்தன.

“உந்தச் சாமானைச் செய்த மடையனுக்கு ஒரு கடிதம் போடவேணும் அண்ணை. நீங்கள் வடிவாய் எழுதுவியள்,” என்றார் சுபாஸ்கரன்.

கேதீஸ்வரன் ஒரு தாளை எடுத்து ஒழுங்காக எழுதினார். முதலாவது, எழுத்துச் சிறிது. இரண்டாவது, பொத்தான் எறும்பளவு. ‘மடையன்’ வரவேண்டிய இடத்தில் ‘ஐயா’ என்று போட்டார்.

“மடையன் எண்டே போடுங்கோ.”

போட்டார்.

“விலாசம்?” என்றார் சுபாஸ்கரன். “திரையின்ரை அடியிலை ஏதோ எழுதிக் கிடக்கு. இன்னும் பெருப்பியுங்கோ.”

“நூற்றைம்பது வீதம் காணும். அதுக்கு மேலை தேவையில்லை.”

உதயகலா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். சுபாஸ்கரன் தானே எட்டி இருநூறாக்கினார்.

‘ஆக்கம்: க. கேதீஸ்வரன், சண்டிலிப்பாய்.’

சுபாஸ்கரன் மெல்லக் கை நீட்டினார். “தாங்கோ அண்ணை, கிழிப்பம்.”

“ஏன்? எழுதினது முழுக்க உண்மைதானே.”

கேதீஸ்வரன் உறையை ஒட்டி, தன் விலாசத்தையே எழுதி, சைக்கிளில் போய்த் தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

“ரெண்டு நாளிலை வந்து சேரும்,” என்றார். “வந்தாப்பிறகு ஆறுதலாய் இருந்து வெட்கப்படுறன்.”