நாலடிக்குக் கீழே

"உலகத்துல எந்த நோயும் நாலடிக்குக் கீழ எறங்கினதில்ல" என்று பிரேசிலின் இத்தபையானின்யா ஊர்ச் சுகாதார நிலையத்தில் ஜெனிவால்டோ பிரகடனம் செய்கிறான். நாற்காலியில் அவன் கால்கள் தரைக்கு எட்டாமல் ஆடுகின்றன. வளர்ச்சி ஹார்மோன் இல்லாமலே பிறந்து நாலடியை எட்டாத அவன் உடம்பு கிருமிகளை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க வருஷாவருஷம் வரும் டாக்டரம்மா, அவன் முழங்கையில் ஊசியை இறக்குகிறார். குழாயில் ஏறும் ரத்தத்தில் ஜன்னல் வெயில் மின்னுகிறது. "ஊரே டெங்குல சாஞ்சுது, நான் ஒரு தும்மல் போட்டேனா?" பக்கத்தில் ஐந்தே முக்கால் அடி மனைவி லூசினெய்டி, டெங்குவில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து மெலிந்த அவள் மணிக்கட்டில், மாதாவுக்கு வேண்டிக்கொண்டு மூன்று முடிச்சுப் போட்ட நீல நாடா. "நாடாவப் பாத்தா கொசு பயந்து ஓடிருமாக்கும்!" "வாய மூடு ஜெனி, உனக்கும் ஒண்ணு கொண்டாந்திருக்கேன்." "என்னை விட்டுரு தாயே." டாக்டரம்மா லூசினெய்டியின் ரிப்போர்ட்டைப் பிரிக்கிறார். ஆடிய கால்கள் நிற்கின்றன. "ரத்த அணுவெல்லாம் பழையபடி ஏறிடுச்சும்மா. இனிமே பயமில்ல." லூசினெய்டி கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொள்கிறாள். ஜெனிவால்டோ பஞ்சு வைத்து மடக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, அவள் தனக்காகக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்த நாடாவை எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றுகிறான். ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மூன்றாவது முடிச்சையும் இறுக்குகிறான்.