டிரம் தண்ணீர்

போபாலில் விஷவாயு கசிந்த மறு வருஷம், ஈனிட் புனேயில் சுற்றுச்சூழல் சட்டம் எடுத்து எல்.எல்.எம். சேர்ந்தாள். புனேயை ஒட்டிய தொழிற்பேட்டையான போசரியில் வீடு. ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போதே வீட்டுக்கு உத்தரவு போட்டாள்.

"போசரி கம்பெனிக் கழிவெல்லாம் நம்ம கிணத்துலதான் கலக்குது. இனிமே அந்தத் தண்ணி வேண்டாம்."

மகள் பேச்சு அப்பா ஜோசப்ராஜுக்கு வேதவாக்கு. தான் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து காலி டிரம் ஒன்றைக் கொண்டுவந்து, பச்சைப் பெயின்ட் அடித்து, குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தார். அவர் குடிப்பதெல்லாம் கேன்டீனில். டிரம் தண்ணீர் அம்மாவுக்குத்தான்.

வருஷம் முடிவதற்குள் ஈரல் கெட்டு அம்மா கண்ணை மூடினாள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் ஈனிட் கறுவினாள். "அந்தக் கிணறுதான் அம்மாவக் கொன்னுடுச்சு. கம்பெனிக்காரங்களக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்."

"நாங்க இன்னும் அதத்தானேம்மா குடிக்கிறோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலியே" என்றாள் பக்கத்து வீட்டு சாந்தகுமாரி.

கால் கழுவ டிரம்மில் தண்ணீர் மொண்ட ஈனிட்டின் கை நின்றது. பெயின்ட் உரிந்த இடத்தில் பாதி அழிந்த இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன.

"அப்பா, இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"பூச்சி மருந்தும்மா. நல்லாக் கழுவிட்டுத்தான் வச்சேன். நீ சொன்னதுலேருந்து உங்கம்மா கிணத்துப் பக்கமே போகல."