வாசலில் நின்றவன்

"அங்கயே நில்லு, உள்ள கால வைக்காத!"

நெட்டையனை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். யோக்கியன் வருகிறான், செம்பை எடுத்து உள்ளே வை என்பார்களே, அந்த மாதிரி யோக்கியன்.

கிடங்கில் என் வீட்டுக்காரரோடு மூட்டை தூக்கியவன். அங்கே உடம்பு வலிக்கு என்று எவனோ ஆரம்பித்த போதை ஊசி, ஒரே ஊசியாகப் பத்துக் கை மாறியது. அதில் அவர் கையும் ஒன்று, இவன் கையும் ஒன்று.

அந்த வேலையே வேண்டாம் என்று நிறுத்தினேன். அந்தத் தெருவே வேண்டாம் என்று வீடு மாற்றினேன். போனைப் பிடுங்கி வைத்தேன். அவரைத் தனியாக விடக்கூடாதென்று என் தம்பியை வரவழைத்து, அவர் அறையிலேயே படுக்க வைத்திருக்கிறேன்.

அப்படியும் ஒரு வாரமாக அவர் கண் சரியில்லை. சோற்றில் கை வைத்தபடியே தூங்கி விழுகிறார்.

இன்னொரு தடவை இதில் விழுந்தால் ஆள் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்.

யாரோ கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இந்த வாசலை மிதிக்கும் வெளியாள் இவன் ஒருவன்தான். அந்தப் பழக்கத்தை விட, ஆஸ்பத்திரியில் நர்ஸ் கண்ணெதிரே அவர் மாத்திரை விழுங்க வேண்டுமாம். அதற்கென்று தினமும் காலையில் வந்து கூட்டிப் போகிறான். பாலுக்குப் பூனை காவல்!

"கையக் காட்டுடா பாப்போம்" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. சட்டைக் கையைச் சுருட்டினான். தழும்பு தழும்பாக இருந்தது. எல்லாம் வெளுத்துப்போன பழசு. கேட்காமலேயே மறு கையையும் காட்டினான். அதிலும் புதிதாக ஒரு புள்ளி இல்லை.

எனக்கு ஆத்திரம் இன்னும்தான் ஏறியது.

சத்தம் கேட்டு அறையிலிருந்து இரண்டு பேரும் வந்தார்கள். வீட்டுக்காரர் சுவரைப் பிடித்தபடி வந்தார். பின்னால் தம்பி, முழுக்கைச் சட்டையோடு.

"டேய் தம்பி, நல்ல வீட்டுப் பிள்ளை கை எப்படி இருக்கும்னு இவனுக்குக் காட்டுடா!"

தம்பி மணிக்கட்டுப் பொத்தானில் விரலை வைத்தான். வைத்தபடியே நின்றான்.

நெட்டையன் தரையைப் பார்த்தான்.

"ஏன்டா, காட்டேன்!" என்று நான் தம்பி கையைப் பிடிக்கப் போனேன்.

வீட்டுக்காரர் சுவரை விட்டுவிட்டு எங்கள் நடுவே வந்து நின்றார்.

"உன் தம்பிய ஒண்ணும் சொல்லாத. பழக்கி விட்டது நான்தான்."