படையல் தின்ற ரம்பம்

"மறுபடியும் வாலை நறுக்கிருச்சு, மாஸ்டர்!" சோவா அலறினான்.

அங்க்ரா ஓடிவந்து பார்த்தார். கோடு ஒரு பக்கம், ரம்பம் போன வழி இன்னொரு பக்கம். மீனின் வாலுக்கென்று பொறுக்கி வைத்திருந்த நல்ல பலகை, நாய் கடித்த செருப்பாகக் கிடந்தது. புத்தம் புது ரம்ப மெஷின், வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். பிளேடு இழுக்கிறது, நழுவுகிறது, மரத்தைக் கருக்குகிறது.

டெஷி ஊர்க் கடற்கரைச் சாலையில் மரத்தில் மீன் செய்ய அங்க்ராவை விட்டால் ஆளில்லை என்று பேர். படகு, டாக்சி, கோகோ காய், எது கேட்டாலும் ஆள் உயரத்துக்கு மேலே செதுக்கி, உள்ளே வெள்ளைப் பட்டு ஒட்டிக் கொடுப்பார். சனிக்கிழமை, கடலிலேயே ஆயுசைக் கழித்த நோர்ட்டே பெரியவருக்கு ஊரே திரண்டு செய்யும் மரியாதை. இன்று மாலைக்குள் மீன் உருவம் தெரியாவிட்டால் வேலையை எதிர்ப்பட்டறைக்குக் கொடுத்துவிடுவதாக அவருடைய பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். அப்படி ஒன்று நடந்தால் அப்புறம் இந்தப் பட்டறையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"மெக்கானிக் ஒக்காய் அண்ணன் வந்து சரி பண்ணித் தர்றேன்னாரே, எங்கடா அவர்?"

"அவர் வரலை மாஸ்டர். அவங்க வீட்டம்மா வந்து நிக்கிறாங்க."

வாசலில் டெடே நின்றிருந்தார். முழங்கால் வரை தொங்கும் ஆண்பிள்ளைக் காக்கிச் சட்டை, தோளில் ஸ்பேனர் பை.

"அவரால வர முடியலை, தம்பி. ஆனா உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டார். அதான் நான் வந்தேன்."

சோவா பக்கத்தில் இருந்தவன் காதில், "ஸ்பேனருக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியுமாடா இவங்களுக்கு?" என்றான்.

"நல்லாத் தெரியும்பா. ஸ்பேனரால ஒண்ணு போட்டா ரொம்ப வலிக்கும்," என்றார் டெடே திரும்பிப் பார்க்காமலே. பட்டறையே சிரித்தது. சோவா மூக்கைச் சொறிந்துகொண்டான்.

டெடே முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு குனிந்து, பிளேடைத் தாங்கும் கைடுகளைத் தட்டிப் பார்த்தார்.

"யாரு இப்படி இறுக்கினது?"

"நான்தான்கா," என்றார் அங்க்ரா. "அங்கயும் இங்கயும் ஓடுதேன்னு..."

"ஓடுற பிள்ளை கழுத்தைப் பிடிச்சா நிக்குமா? பிளேடு எங்க ஓடணும்னு சொல்றது சக்கரம். கைடு சும்மா துணைக்கு நிக்கிற ஆள். எங்க வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே என் காது தேஞ்சு போச்சு."

கைடுகளைத் தளர்த்தினார். மேல் மூடியைத் திறந்து, பிளேடு பெல்ட் மாதிரி சுற்றி ஓடும் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிளேடு துள்ளியது. அந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். முகம் கோணியது.

"என்ன தம்பி இது? செம்பனை எண்ணெய் வாடை வருது. மெஷினுக்குச் சோறு ஊட்டினீங்களா?"

எல்லார் கண்ணும் சோவா மேல் போயிற்று.

"புது மெஷின் வந்ததும் முன்னோருக்குப் படையல் போட்டோம்கா," என்றான் அவன் ஈனசுரத்தில். "எண்ணெய் விட்டுப் பிசைஞ்ச சோளமாவு. தரையில தூவினது போக மீதி இருந்துச்சு. மெஷினும் நம்ம வீட்டு ஆளாச்சேன்னு சக்கரத்துல ரெண்டு பிடி..."

"அட மகராசா! அது சக்கரத்து ரப்பர்ல ஒட்டி, மரத்தூளும் சேர்ந்து கல்லாட்டம் கட்டியிருக்கு. முன்னோருக்குத் தூவினது சரி. ரம்பத்துக்குப் பசிக்குதுன்னு உன்கிட்ட யாருடா சொன்னது?"

பட்டறை மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை சோவாவும் சேர்ந்து சிரித்தான்.

டெடே பிளேடைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகச் சுரண்டினார். ரப்பரில் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தார். பிளேடை மாட்டி முறுக்கேற்றி, விரலால் சுண்டிக் கேட்டார். இன்னும் கொஞ்சம் முறுக்கினார். சக்கரத்தின் சாய்வைத் திருத்தித் திருத்தி, பிளேடு நட்ட நடுவில் ஓடிய பிறகுதான் கைடுகளை ஒரு காகிதம் நுழையும் இடைவெளி விட்டு வைத்தார். அங்க்ரா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப போடு."

மெஷின் உறுமியது. அங்க்ரா பலகையைத் தள்ளினார். ரம்பம் கோட்டை விட்டு இம்மியும் விலகாமல் வளைந்து வளைந்து போய், மீன் வால் அழகாகக் கையில் வந்து விழுந்தது. வாலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினான் சோவா.

"அக்கா, உங்க கைக்கு ஒரு கும்பிடு!" என்றார் அங்க்ரா. "என் பட்டறை மானத்தைக் காப்பாத்திட்டீங்க. ஒக்காய் அண்ணனும் என்ன மனுஷன்! தான் வர முடியலைன்னாலும் தன்னை மாதிரியே ஒருத்தரை அனுப்பி வச்சிருக்காரே. அவரைக் கட்டாயம் இங்க கூட்டிட்டு வாங்க. கெங்கிச் சோள உருண்டையும் பொரிச்ச மீனும் வச்சு அசத்திடுறேன்."

டெடே காக்கிச் சட்டையின் பையில் இருந்து பென்சிலை எடுத்து, மீந்த பலகையில் வரைய ஆரம்பித்தார். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவில் மேஜை, மேலிருந்து கீழே ஓடும் பிளேடு.

"இது நம்ம மெஷின்தானே?" என்றான் சோவா.

"ஆமா. மீன் பிடிச்சவரை மீனுக்குள்ள வச்சுப் புதைக்கிறீங்க, டாக்சி ஓட்டினவரை டாக்சிக்குள்ள வச்சுப் புதைக்கிறீங்க. என் வீட்டுக்காரருக்கு இந்த ரம்ப மெஷின் மாதிரியே ஒரு சவப்பெட்டி செஞ்சு குடுங்க, தம்பி," என்றார் டெடே. "கொஞ்சம் நீளமாவே இருக்கட்டும். ஆயுசு பூரா மெஷின் முன்னாடி குனிஞ்சே நின்ன மனுஷன், இனிமேயாவது காலை நீட்டிப் படுக்கட்டும்."