ஆட்சேபம்

மாவட்டத் துணைத் தலைவர் ரென் யோங்ஹொங்குக்கு வயிறு எரிந்தது. குடும்பப் பெயர் வேறானாலும் ஒரே பெயர், ஒரே ஆண்டில் சேர்ந்த வேலை. ஆனால் பக்கத்து மாவட்டத் தலைவர் பதவி தாவ் யோங்ஹொங்குக்கு! ஆட்சேபம் இருப்பவர்கள் அழைக்கலாம் என்று நியமன அறிவிப்பில் எண் கொடுத்திருந்தார்கள். வீட்டிலிருந்தே அழைத்தார்.

"தாவ் மேல என்னங்க புகார்? லஞ்சமா?"

"சேச்சே, கை சுத்தம்."

"வேலை தெரியாதா?"

"என்னைவிட நல்லாவே தெரியும். அதான் பொறுக்கல."

"நல்ல ஆளுய்யா நீங்க! அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

வாசலில் செருப்பு கழற்றும் ஓசை. ரென் போனை வைத்தார்.

"யாருங்க போன்ல?" என்றபடி உள்ளே வந்தாள் அவர் மனைவி, தாவ் யோங்ஹொங்.

"மேலிடம். உன்னைப் பத்தி விசாரிச்சாங்க. நல்லவிதமாத்தான் சொன்னேன்."

அது பொய்யில்லை என்பதுதான் அவர் வயிற்றை இன்னும் எரித்தது.