கூட நாலு, குறைய நாலு

“சீட்டுக் குலுக்கி எடுத்த இருநூறு பேர்ல இருபது பேருக்குத்தாம்ப்பா தீராத இருமல். அப்ப ஊர் மொத்தத்துக்கும் நூத்துக்கு ஆறுலேர்ந்து பதினாலுக்குள்ள இருக்கும். தொண்ணூத்தஞ்சு சதம் நம்பலாம்,” என்றாள், வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவந்த கயல்விழி.

கணக்கில் பிழையே இல்லை. அதுதான் அவளுக்கு வருத்தம். நூற்றுக்கு இருபது பேருக்காவது இருமல் இருந்தால்தான் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலுக்கு நுரையீரல் ஆஸ்பத்திரி வரும்.

“இன்னா கண்ணு, நாங்க நல்லாருக்கறது உனுக்குப் புடிக்கலையா?” என்று சிரித்தார், சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த அப்பா ராஜு. குலுக்கலில் அவர் பெயரும் வந்திருந்தது. இருமல் ‘இல்லை’ என்றிருந்தார்.

கிளம்பியவள் குடையை எடுக்கத் திரும்பி வந்தாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

“அப்பல்லாம் டாக்டர் முன்னால இருமினா ஷிப்டு குடுக்க மாட்டாங்கம்மா. இப்பவும் பேனா எடுத்தவங்களப் பார்த்தா மூச்சு தானா நின்னுக்குது.”

“உங்களுக்கு மட்டுமா?”

“கதவச் சாத்திட்டுக் கேளு.”

சாத்தினாள். அவள் போய்விட்டதாக நம்பிய வீடுகள் ஒவ்வொன்றாக இருமத் தொடங்கின.